ஈரலில் ஒரு தண்ணிப் பை

புறநோயாளிச் சீட்டு எழுதும் கவுண்டரில் பெயர் கேட்டார்கள். வசந்தா என்றேன். வயது கேட்டார்கள். நாற்பத்தைந்து என்றேன். தொழில் என்ன என்று கேட்டார்கள். வீட்டில்தான் இருக்கிறேன் என்றேன். முதல் இரண்டும் உண்மை, மூன்றாவது பச்சைப் பொய். அந்தப் பொய்யால் நான் செத்துப்போயிருப்பேன். பிழைத்துக்கொண்டதால் உட்கார்ந்து எழுதுகிறேன். நான் பத்தாவது வரைதான் படித்தவள். பிழை திருத்திக் கொடுத்தது என் மகள் பவித்ரா, லாஸ்பேட்டையில் காலேஜ் படிக்கிறாள். அவள் திருத்தியும் மிச்சம் இருக்கிற பிழைகள் என்னுடையவை.

புதுச்சேரியில் எங்களுக்கு ஒரு கறிக்கடை இருக்கிறது. என் மாமனார் பஞ்சாலையில் வேலை பார்த்தவர். மில்லை மூடியதும் என்ன செய்வது என்று தெரியாமல் ஆறு மாதம் சும்மா இருந்துவிட்டு இந்தக் கடையைப் போட்டார். இப்போது நானும் என் வீட்டுக்காரர் ஏழுமலையும் நடத்துகிறோம். ஆட்டை அறுத்து உரித்துத் தொங்கவிடுவது அவர் வேலை. தலை, கால், குடல், ஈரல் எல்லாம் என் கைக்கு வரும். இருபத்திரண்டு வருடமாக ஈரல் அரிகிறேன். நல்ல ஈரல் எது, கெட்ட ஈரல் எது என்று தொட்டாலே சொல்லிவிடுவேன். அந்தத் திமிர் எனக்கு உண்டு.

சில ஆட்டு ஈரலில் வெள்ளையாக ஒரு புடைப்பு இருக்கும். நெல்லிக்காய் அளவும் இருக்கும், எலுமிச்சை அளவும் இருக்கும். கத்தி பட்டால் தெளிந்த தண்ணீர் பீய்ச்சி அடிக்கும். நாங்கள் அதைத் தண்ணிப் பை என்போம். அதை மட்டும் சுற்றி அறுத்து எடுத்துவிட்டால் மிச்ச ஈரல் விலைக்குப் போகும். அறுத்த பையைக் கடை வாசலில் படுத்திருக்கும் நாய்க்கு வீசிவிடுவேன். என் மாமியார் அப்படித்தான் செய்தார், நானும் அப்படித்தான் செய்தேன். குப்பையில் போட்டு நாற வைப்பதைவிட ஒரு வாயில்லா ஜீவன் தின்றுவிட்டுப் போகட்டுமே என்று நினைப்போம்.

இப்போது இருக்கும் நாயின் பெயர் சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்து பென்ஷன் வாங்குகிறவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்பார்கள். இவன் ஒரு வேலையும் செய்யாமல் படுத்திருக்கிறான், வேளைக்குச் சாப்பாடு வந்துவிடுகிறது என்று ஏழுமலை வைத்த பெயர் அது. கடைக்கு வருகிறவர்கள் எல்லோருக்கும் அவனைத் தெரியும். நான் கடையைக் கழுவி முடித்து உட்கார்ந்தால் தலையை என் மடியில் வைத்துக்கொள்வான். அவனைத் தடவிய கையோடு நான் வெற்றிலை போட்டிருக்கிறேன், டீக்கடை பன்னைப் பிய்த்துத் தின்றிருக்கிறேன்.

ஒன்றரை வருடத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜோசபின் எங்கள் கடைக்கு வந்தாள். கால்நடைக் கல்லூரியில் மேல்படிப்பு படிக்கிற மாட்டு டாக்டர். ஸ்கூட்டரின் முன்பக்கம் ஒரு ஐஸ் பெட்டி. கறி வாங்க வந்தவள் என்று நினைத்து, "எவ்ளோம்மா?" என்றேன்.

"கறி வேணாம்க்கா. ஈரல்ல தண்ணிப் பை வந்தா குடுப்பீங்களா? உடைக்காம, முழுசா?"

எல்லோரும் வேண்டாம் என்று ஒதுக்குவதைக் கேட்டு வந்த ஒரே ஆள் அவள்தான். அன்றிலிருந்து ஞாயிறுதோறும் வந்தாள். கையுறை மாட்டிக்கொள்வாள். பையைத் தட்டில் வைத்து, ஊசியால் மெதுவாகத் தண்ணீரை உறிஞ்சி, சின்னச் சின்ன குப்பிகளில் போட்டுப் பெயர் ஒட்டுவாள். எனக்கு வேடிக்கையாக இருக்கும். அந்தத் தண்ணியில் என்னதான் இருக்கிறது என்று ஒருநாள் கேட்டேன்.

அவள் ஒரு பையை அறுத்துக் காட்டினாள். உள்ளே இளநீர் வழுக்கை மாதிரி வெள்ளையாக ஒரு தோல். "இந்தத் தோல் பெரும்பாலும் ஒரு மாதிரி சர்க்கரைச் சத்தால ஆனதுக்கா. உள்ள இருக்கற தண்ணியில உப்பு இருக்கும், சர்க்கரை இருக்கும், கொஞ்சம் புரதம், கொழுப்பு, சிறுநீர்ல போற யூரியா கூட இருக்கும். எல்லாம் ஆட்டோட ரத்தத்துலேருந்து எடுத்துக்கிட்டதுதான். புழு தன் பங்குக்கும் கொஞ்சம் சேர்த்து வச்சிருக்கும்."

"புழுவா? எங்க?"

குப்பியைத் தூக்கிப் பிடித்தாள். அடியில் மணல் மாதிரி பொடிப்பொடியாக ஏதோ இறங்கியது. "இது ஒவ்வொண்ணும் ஒரு புழுக்குஞ்சோட தலை. சில பையில இருக்கும், சில பையில வெறும் தண்ணிதான். குஞ்சு இருக்கற பையிலயும் இல்லாத பையிலயும் தண்ணியில என்ன வித்தியாசம், ஆட்டுக்கும் மாட்டுக்கும் மனுஷனுக்கும் என்ன வித்தியாசம், அதான் என் ஆராய்ச்சி."

"மனுஷனுக்கும் வருமா?"

"வரும்க்கா. அதனாலதான் சொல்றேன், இத நாய்க்குப் போடாதீங்க. கொதிக்க வச்சிடுங்க, இல்ல ஆழமாப் புதைச்சிடுங்க."

இங்கேதான் நான் பெரிய புத்திசாலி ஆனேன். இவளுக்குப் பை வேண்டும், நாய் தின்றுவிட்டால் இவளுக்குக் கிடைக்காது, அதனால் இப்படிச் சொல்கிறாள் என்று முடிவு கட்டிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமைப் பையை அவளுக்கு எடுத்து வைத்தேன். மற்ற நாள் பை வழக்கம்போல் சொல்தாவுக்குப் போனது.

சித்திரை மாதம் எனக்கு வலது விலாவுக்குக் கீழே கனக்க ஆரம்பித்தது. கொஞ்சம் சாப்பிட்டாலே வயிறு நிறைந்த மாதிரி இருக்கும். குனிந்தால் உள்ளே ஒரு பந்து நகர்வது போலத் தோன்றும். வாயு என்று ஓமத் தண்ணீர் குடித்தேன். பித்தம் என்று சீரகம் மென்றேன். ஒருநாள் ஆட்டுக்காலைத் தூக்கும்போது வலி பிடித்து அப்படியே உட்கார்ந்துவிட்டேன். ஏழுமலை கத்தியைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். அன்றைக்கே ஒரு ஸ்கேன் சென்டருக்குக் கூட்டிப்போனார்.

வயிற்றில் பசை தடவித் தேய்த்துப் பார்த்த டாக்டர், "கல்லீரல்ல ஒரு பெரிய நீர்க்கட்டி இருக்கு. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்றார். திரையில் கறுப்பாக ஒரு வட்டம் தெரிந்தது. நல்ல தேங்காய் அளவு. அதைச் சுற்றி வெள்ளையாக ஒரு கோடு. நான் அதைப் பார்த்ததுமே அடையாளம் கண்டுகொண்டேன். இருபத்திரண்டு வருடமாக அறுத்து எறிந்ததை எனக்கா தெரியாது?

ஆனால் யாரிடமும் சொல்லவில்லை. ஏழுமலையிடம்கூடச் சொல்லவில்லை. எனக்கு உயிர்ப் பயத்தைவிடக் கடைப் பயம் பெரிதாக இருந்தது. கறிக்கடைக்காரி ஈரலில் ஆட்டு நோய் என்று ஒரு வாய்க்குத் தெரிந்தால் போதும், மார்க்கெட் முழுக்கத் தெரிந்துவிடும். நாளைக்கு எவன் எங்கள் கடையில் ஈரல் வாங்குவான்? பவித்ராவின் படிப்பு, கல்யாணம், எல்லாம் அந்தக் கடையில்தான் தொங்குகிறது. வெறும் நீர்க்கட்டியாகவே இருக்கட்டும், எடுத்துவிட்டு வந்துவிடலாம் என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன். அப்படித்தான் கவுண்டரில் அந்தப் பொய் வந்தது.

பெரிய ஆஸ்பத்திரியில் காத்திருப்பதுதான் பாதி வைத்தியம். ரத்தம் எடுக்க ஒரு வரிசை, ஸ்கேனுக்கு ஒரு வரிசை, அந்த ஸ்கேன் ரிப்போர்ட்டுக்கு இன்னொரு வரிசை. ஏழுமலை கடையைச் சீக்கிரம் அடைத்துவிட்டு ஓடிவருவார். வரிசையில் அவர் நிற்பார், நான் பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். சட்டையை மாற்றிக்கொண்டு வருவார், பவுடர்கூடப் போட்டுக்கொண்டு வருவார். நான்தான் கறி வாசனை வரக்கூடாது என்று சொல்லியிருந்தேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. இருபத்தைந்து வருடம் குடித்தனம் செய்தும் அவரிடம் மறைக்கிறேனே என்று அந்தப் பவுடர் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் அழுகை வரும்.

அறுவைப் பிரிவு டாக்டர் நிதானமான மனிதர். என்னை வார்டில் சேர்த்துக்கொண்டு வரிசையாகக் கேட்டார்.

"ஆடு மாடு வளர்க்கறீங்களாம்மா?"

"இல்ல சார்."

"வீட்ல நாய் இருக்கா?"

"இல்ல சார்." சொல்தா வீட்டில் இல்லை, கடையில்தானே இருக்கிறான் என்று மனசுக்குள் ஒரு சமாதானம்.

"ஆட்டுக்கறி வெட்டற எடம், நாய், இதுங்களோட பழக்கம் ஏதாவது?"

"அதெல்லாம் இல்ல சார்."

என் இடது கையைத் திருப்பிப் பார்த்தார். ஆள்காட்டி விரல் முழுக்கக் கத்தித் தழும்பு. "இது என்னா?"

"காய் நறுக்கும்போது பட்டது சார்."

எந்த ஊர்க் காயை நறுக்கினால் இத்தனை தழும்பு வரும் என்று எனக்கே தெரியவில்லை. அவர் ஒரு நிமிடம் என் முகத்தைப் பார்த்துவிட்டு எழுதிக்கொண்டார். புழுக்கட்டிக்கான ரத்தப் பரிசோதனையும் செய்தார்கள். அது இல்லை என்று வந்தது. சிலருக்கு நோய் இருந்தும் அந்தப் பரிசோதனையில் தெரியாமல் போகும் என்று பிறகு சொன்னார்கள். எனக்கு அப்போது, தெய்வமே என் பொய்க்குச் சாட்சி சொன்ன மாதிரி இருந்தது.

அடுத்த கட்டிலில் அஞ்சலை அக்கா. தேங்காய்த்திட்டு துறைமுகத்தில் மீன் ஏலம் எடுத்து விற்பவர். பித்தப்பையில் கல். வந்த அன்றைக்கே வார்டு முழுக்க அவர் குரல்தான். "நான் மீன்காரி. முப்பது வருஷமா மீனு. எங்கைய மோந்து பாரு, சோப்பு போட்டாலும் போவாது" என்று நர்ஸிடம் கையை நீட்டினார். நர்ஸ் சிரித்துக்கொண்டே ஊசி போட்டாள். என்னைப் பார்த்து, "நீ இன்னா தொழிலும்மா?" என்றார்.

"வீட்ல சும்மாதான்க்கா."

"சும்மா இருக்கறவ தோளா இது? பொய் சொல்லாத." அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். எனக்கு முகம் எரிந்தது. அவர் மருமகள் கொண்டுவந்த கஞ்சியில் பாதியை எனக்கு ஊற்றிக் கொடுத்தார். தொட்டுக்கொள்ள மாங்காய் ஊறுகாய். பொய் சொல்கிறவளுக்கும் பசிக்கிறதே என்று வெட்கப்பட்டுக்கொண்டே குடித்தேன்.

ஐந்தாம் நாள் டாக்டர் வந்து, "எல்லாத்தையும் வச்சிப் பாத்தா சாதாரண நீர்க்கட்டி மாதிரிதான் இருக்கு. பயப்படாதீங்க. ஸ்கேன்ல பாத்துக்கிட்டே ஊசி விட்டுத் தண்ணிய உறிஞ்சி எடுத்துடுவோம். புதன்கிழமை செய்யலாம்" என்றார். ஏழுமலை கையெடுத்துக் கும்பிட்டார். எனக்கு உள்ளுக்குள் ஜோசபின் பேசினாள்.

ஒருமுறை என் கத்தி தவறி ஒரு பை உடைந்து அவள் முகக்கவசத்தில் அடித்தது. நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. "செத்த ஆட்டுல உடைஞ்சா ஒண்ணுமில்லக்கா. உயிரோட இருக்கற மனுஷன் வயித்துக்குள்ள உடைஞ்சா இந்தத் தண்ணியில இருக்கற புரதமே விஷம் மாதிரி. உடம்பு ஒத்துக்காம ஒரு சில நிமிஷத்துலயே உயிர் போயிடலாம். பொழைச்சாலும் இந்த மணல் எங்கெங்க சிந்துதோ அங்கெல்லாம் புதுசா கட்டி மொளைக்கும்" என்றாள்.

இது எனக்கு ஞாபகம் இருந்தது. இருந்தும் வாயைத் திறக்கவில்லை. ரத்தப் பரிசோதனையே இல்லை என்று சொல்லிவிட்டதே, டாக்டருக்குத் தெரியாததா எனக்குத் தெரியும் என்று பிடிவாதமாக இருந்தேன். என்னைப் போன்ற மடச்சியை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள்.

புதன்கிழமை காலையில் என்னைத் தள்ளுவண்டியில் படுக்க வைத்து ஸ்கேன் அறை வாசலில் நிறுத்தியிருந்தார்கள். பவித்ரா காலேஜுக்கு லீவு போட்டுவிட்டு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எனக்குப் பயம் தெரியக்கூடாது என்று கடைக் கதை சொல்லிக்கொண்டிருந்தாள்.

"இன்னிக்கி ஒரு ஆட்டு ஈரல்ல எவ்ளோ பெரிய தண்ணிப் பைம்மா! அப்பா அப்படியே தூக்கி சொல்தாவுக்குப் போட்டாரு. ஒரே கவ்வு. அப்ப அந்த டீச்சரு பாப்பா வந்துச்சி பாரு, அவன கட்டிப் புடிச்சி முத்தம் குடுக்குது. அவன் அது மூஞ்சி பூரா நக்கறான். நானும் சின்ன வயசுல அப்படித்தான் இருந்தேன்னு அப்பா சொல்றாரு."

அவள் சிரித்தாள். அதுவரை இது என் உயிர், என் கடை, என் பொய் என்று இருந்தேன். பவித்ராவும் அந்தக் கடையில் நாயைக் கட்டிக்கொண்டு வளர்ந்தவள்தான் என்பது அந்த நிமிடம்தான் உறைத்தது. அந்தப் பாப்பாவுக்கு ஐந்து வயது. வாரம்தோறும் அவள் அம்மா டீச்சருக்கு நான்தான் ஈரல் கட்டிக்கொடுக்கிறேன்.

"டாக்டர கூப்புடு" என்றேன்.

"இப்ப வந்துடுவாரும்மா."

"இப்பவே கூப்புடுடி! நான் பொய் சொல்லிட்டேன்!"

டாக்டர் கையுறையோடு வெளியே வந்தார். நான் வண்டியில் எழுந்து உட்கார்ந்து ஒரே மூச்சில் எல்லாவற்றையும் கொட்டினேன். கறிக்கடை, இருபத்திரண்டு வருடம், ஈரல், தண்ணிப் பை, நாய், ஜோசபின். "காய் நறுக்கலை சார், கறிதான் வெட்டறேன்" என்று கையை நீட்டினேன்.

அவர் என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். அவர் பக்கத்தில் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். கையுறையை ஒவ்வொன்றாகக் கழற்றினார்.

"முன்னாடியே சொல்லியிருக்கணும்மா" என்றார். அதைவிட அவர் ஓங்கி ஒன்று வைத்திருக்கலாம்.

அன்று மாலையே அவரும் ஜோசபினும் போனில் பேசிக்கொண்டார்கள். மறுநாள் இன்னொரு ஸ்கேன் எடுத்தார்கள். என்னைப் புரண்டு படுக்கச் சொன்னார்கள். கட்டிக்குள் பொடி பறந்து அடங்கியது. குப்பியில் நான் பார்த்த அதே மணல். ரத்தப் பரிசோதனையைத் திரும்பவும் வேறு முறையில் செய்தார்கள். இந்தத் தடவை ஆமாம் என்று வந்தது.

டாக்டர் ஏழுமலையையும் பவித்ராவையும் வைத்துக்கொண்டு எனக்குப் புரிகிற மாதிரி சொன்னார். இதற்கு ஹைடாடிட் கட்டி என்று பெயர். நாயின் குடலில் ஒரு குட்டி நாடாப்புழு இருக்கும், அரிசி அளவுகூட இருக்காது. அதன் முட்டை நாயின் கழிவோடு வெளியே வரும். நாய் தன் உடம்பை நக்குவதால் அதன் மயிரிலும் ஒட்டியிருக்கும். புல்லோடு ஆடு தின்றால் ஆட்டு ஈரலில் பை வளரும். கையோடு நாம் தின்றால் நம் ஈரலில் வளரும். பையைப் பச்சையாக நாய் தின்றால் திரும்பவும் நாய்க்குள் புழு. இப்படியே சுற்றும். எனக்குள் இருந்தது எட்டுப் பத்து வருடமாவது வளர்ந்திருக்கும் என்றார். அப்படியென்றால் சொல்தா மட்டுமல்ல, அவனுக்கு முன்னால் இருந்த நாயாகவும் இருக்கலாம்.

நான் கேட்கப் பயந்ததை ஏழுமலை கேட்டார். "அப்ப கறி தின்னா வராதா சார்?"

"கறி தின்னு வர்ற நோய் இல்ல இது. பையப் பச்சையா தின்ன நாய்கிட்டேருந்துதான் வருது."

நான் தலையில் அடித்துக்கொண்டேன். கறியால் வராத நோய்க்குக் கறிக்கடை கெட்டுப்போகும் என்று பயந்து, ஊசி முனை வரைக்கும் போய்விட்டு வந்திருக்கிறேன். பையை நாய்க்கு வீசிய என் கைதான் குற்றவாளி.

"தெரிஞ்சி, மருந்து குடுத்து, ஏற்பாட்டோட தண்ணிய எடுக்கறது வேற. தெரியாம குத்தறது வேற" என்றார் டாக்டர். என் கட்டி பெரிது, ஈரலின் விளிம்பில் வேறு இருந்தது. அதனால் சில வாரம் பூச்சி மாத்திரை கொடுத்துப் புழுவை அடக்கிவிட்டு, பிறகு வயிற்றைத் திறந்து எடுப்பது என்று முடிவானது. அந்த மாத்திரையை வெறும் வயிற்றில் போடக்கூடாது, எண்ணெய், நெய் சேர்ந்த சாப்பாட்டோடு போட்டால்தான் உடம்பில் ஏறும். "இது ஒரு வைத்தியம்தான் எனக்குப் புடிச்சிருக்கு" என்று ஏழுமலை தோசைக்கு நெய்யைக் கவிழ்த்தார்.

நாயோடு பழகியவர்கள் என்று பவித்ராவுக்கும் ஏழுமலைக்கும் ஸ்கேன் எடுத்த அன்றைக்குத்தான் நான் என் வாழ்நாளில் அதிகம் பயந்தேன். பவித்ரா உள்ளே போய் வெளியே வருவதற்குள் பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது. கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிக்கொண்டே வந்தாள். ஏழுமலைக்கும் ஒன்றும் இல்லை. "கடையில எல்லாரவிடவும் பேராசைக்காரி நீதான், முட்டையெல்லாம் நீயே எடுத்துக்கிட்ட" என்றார் அவர். அழுதுகொண்டே சிரித்தேன்.

ஆபரேஷனுக்கு முந்தைய நாள் ஜோசபின் ஒரு படிவத்தோடு வந்தாள். என் கட்டித் தண்ணியைக் கொஞ்சம் ஆராய்ச்சிக்குத் தர முடியுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள். உங்கள் பேர் எங்கேயும் வராது, இஷ்டம் இல்லை என்றால் வேண்டாம், வைத்தியத்தில் ஒரு மாற்றமும் இருக்காது என்று மூன்று தடவை சொன்னாள்.

"ஞாயித்துக்கெழம பையெல்லாம் குடுத்தவ, இத குடுக்க மாட்டனா?" என்று கையெழுத்துப் போட்டேன். "உங்கிட்ட ஒண்ணு சொல்லணும் ஜோசபின். நாய்க்குப் போடாதன்னு நீ சொன்னப்ப, உனக்குப் பை வேணுங்கறதுக்காகத்தான் சொல்றன்னு நெனச்சிட்டேன்."

அவள் கண் கலங்கிவிட்டது. "நான் ஒழுங்கா வெளக்கி சொல்லியிருக்கணும்க்கா. எனக்குத் தண்ணிதான் கண்ல பட்டுச்சி, உங்க கை படல."

ஆபரேஷன் எனக்கு ஞாபகம் இல்லை. கட்டியைச் சுற்றி வலுவான உப்புத் தண்ணீரில் நனைத்த துணிகளை அடுக்கி, ஒரு சொட்டு வெளியே சிந்தாமல் எடுத்தார்கள் என்று பிறகு சொன்னார்கள். உப்பு பட்டால் மணலில் இருக்கும் புழுத்தலைகள் செத்துப்போகுமாம். "ஒன்ன உப்புக்கண்டம் போட்டுட்டாங்க" என்றார் ஏழுமலை. வயிற்றிலிருந்து ஒரு குழாய் தொங்கியது. அதில் சிவப்பாகக் கொஞ்சம் வடிந்துகொண்டிருந்தது. தினம் ஆடு அறுக்கிற மனிதர் அந்தக் குழாயைப் பார்த்ததும் கண் செருகிப் பக்கத்துக் கட்டில் மேலேயே சாய்ந்துவிட்டார். பித்தப்பை ஆபரேஷன் முடிந்து ஒருமுறை காட்டிப்போக வந்திருந்த அஞ்சலை அக்காவுக்கு வாயெல்லாம் சிரிப்பு. "இவன்தான் கறிக்கடைக்காரனா? நல்ல கறிக்கடைக்காரன்!" என்று முகத்தில் தண்ணீர் தெளித்தார். தையல் வலிக்க வலிக்க நானும் சிரித்தேன்.

"அக்கா, ஒங்ககிட்டயும் பொய் சொல்லிட்டேன்" என்றேன்.

"தோளப் பாத்தப்பவே தெரியும்டி. சொல்லும்போது சொல்லட்டும்னு வுட்டுட்டேன்" என்றார்.

குழாயை எடுத்த பிறகு ஜோசபின் நோட்டோடு வந்தாள். ஒரு பக்கத்தில் இரண்டு வரிசை. ஒன்று எங்கள் கடை ஆட்டு ஈரல் பை, இன்னொன்று நான். உப்பு, சர்க்கரை, யூரியா, புரதம், கொழுப்பு என்று கீழே கீழே எழுதியிருந்தாள். சிலது ஆட்டில் கொஞ்சம் கூட, சிலது என்னில் கொஞ்சம் கூட. ஒரு ஆளை வைத்து எதுவும் முடிவு சொல்ல முடியாது, இன்னும் நிறையப் பேர் வேண்டும் என்றாள். "ஆனா பாத்த வரைக்கும் பெரிய வித்தியாசம் இல்லக்கா. அது ஆடுன்னும் பாக்கல, ஆளுன்னும் பாக்கல. எந்த ரத்தத்துல குடியிருந்துச்சோ அதுலேருந்து தனக்கு வேண்டியத எடுத்துக்கிட்டிருக்கு."

நான் அந்த இரண்டு வரிசையையும் விரலால் தொட்டுப் பார்த்தேன். எத்தனை ஆட்டை அறுத்து ஈரலில் இதை ஒதுக்கி எறிந்திருப்பேன். அந்த ஆடுகளும் இப்படித்தான் கனத்துக்கொண்டு நடந்திருக்குமா என்று முதல்முறையாகத் தோன்றியது. மனசுக்குக் கஷ்டமாக இருந்தது.

வீட்டுக்கு வந்து இரண்டு வாரம் கழித்து டீச்சரின் வீட்டுக்கு நானே போனேன். படியேறும்போது தையல் இழுத்தது. பாப்பாவை ஒருமுறை டாக்டரிடம் காட்டிவிடுங்கள் என்று முழுவதையும் சொன்னேன். அவர் முகம் வெளுத்துவிட்டது. "இவ்ளோ நாளா எங்கிட்ட சொல்லலியே நீங்க?" என்றார். கதவைச் சாத்திக்கொண்டார். நான் திரும்பி வந்துவிட்டேன். கடைக்கு வந்தவர்களில் கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னேன். சிலர் வேறு கடைக்குப் போனார்கள். முதல் இரண்டு மூன்று ஞாயிறு ஈரல் அப்படியே கிடந்தது. ஏழுமலை அதை வீட்டுக்கு எடுத்துவந்து மிளகு போட்டு வறுத்தார். நாங்கள் தின்றோம்.

இப்போது கடையின் பின்னால் மூடி போட்ட ஒரு அலுமினியக் குண்டான் இருக்கிறது. எந்தக் கிழமை பை வந்தாலும் அதில் போட்டு நன்றாகக் கொதிக்க வைத்துவிட்டுத்தான் கொட்டுகிறோம். ஞாயிற்றுக்கிழமைப் பை மட்டும் ஜோசபினுக்கு. சொல்தாவுக்கு ஜோசபின் கணக்குப்படி பூச்சி மாத்திரை, சோற்றோடு பிசைந்து. முதல் தடவை மாத்திரையை மட்டும் அழகாக ஒதுக்கித் துப்பிவிட்டு என்னைப் பார்த்தான். அவனைத் துரத்திவிடச் சொன்னவர்களும் உண்டு. தின்னப் போட்டது நான், அவன் என்ன செய்வான்? என் மடியில் தலை வைக்கிறான். நான் எழுந்து போய் சோப்பு போட்டுக் கை கழுவிவிட்டுத்தான் டீ குடிக்கிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை டீச்சர் வந்தார். பாப்பாவின் ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்று சொன்னார். பிறகு, "ஈரல் இருக்கா?" என்றார். நான் அவசர அவசரமாக அரிந்ததில் துண்டுகள் ஒன்று பெரிசும் ஒன்று சிறிசுமாக விழுந்தன.

போன வாரம் ஆறு மாதப் பரிசோதனைக்குப் போனேன். டாக்டர் ஸ்கேனைப் பார்த்துவிட்டு, கட்டி இருந்த இடத்தில் ஈரல் மெல்ல நிறைந்து வருகிறது, புதிதாக எதுவும் இல்லை என்றார். ஆனால் நான் சொல்ல வந்தது அதற்கு முன்னால் கவுண்டரில் நடந்தது. அதே ஜன்னல், அதே பெண். கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"வசந்தா. நாப்பத்தஞ்சி. தொழில் இல்லத்தரசி. சரிதானம்மா?"

"இல்லம்மா. அது பொய். திருத்திக்க. கறிக்கடை."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். எனக்குப் பின்னால் வரிசையில் நின்றவர்களும் பார்த்தார்கள். முன்பு இதற்குத்தான் எவ்வளவு பயந்தேன்! பின்னால் நின்ற ஒரு அம்மாள் என் தோளைத் தட்டினாள்.

"எங்கம்மா ஒன் கடை? ஈரல் நல்லா இருக்குமா?"

"வந்து பாரும்மா" என்றேன். "கண்ணுக்கு எதிர்லயே அரிஞ்சிக் காட்டித்தான் குடுப்பேன்."